எட்டுப் போட்டவருக்கெல்லாம் ஓட்டத் தெரியுமா?

தமிழ்நாட்டில் பைக் லைசென்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் அது நேராக எட்டில் போய்த்தான் நிற்கும். ஆர்டிஓ ஆபீஸ் மைதானம், தரையில் வரைந்த எட்டு, ஓரமாக நிற்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது ஊர்ப்பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர். கால் கீழே பட்டால் போச்சு, கோட்டைத் தாண்டினாலும் போச்சு. படாமல் சுற்றி வந்துவிட்டால் லைசென்ஸ். சுற்றி வர ஆகிற நேரம் மிகச் சொற்பம். அதை நம்பித்தான் பதினெட்டு வயதுப் பையனையோ பெண்ணையோ நாற்பது வயது வரைக்கும் நாட்டின் எந்தச் சாலையிலும் ஓட்டலாம் என்று அரசு அனுப்பி வைக்கிறது.

எட்டைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. இருசக்கர வண்டி ஓரளவு வேகத்தில் போகும்போது தானாகவே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். நடக்கிற வேகத்துக்கு இறங்கியதும் அந்த உதவி போய்விடும். ஹேண்டில்பாரையும் உடம்பையும் வைத்து ஓட்டுபவர்தான் சமாளிக்க வேண்டும். எட்டில் ஒரு வளைவு இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். இரண்டும் சந்திக்கும் நடு இடத்தில் சாய்வை மாற்ற வேண்டியிருப்பதால் பலரும் அங்கேதான் காலை ஊன்றுகிறார்கள். கியர் வண்டி என்றால் முதல் கியர், கிளட்ச் பாதி பிடித்தபடி, ஆக்சிலரேட்டர் கூடாமல் குறையாமல் ஒரே அளவில், பின் பிரேக்கின் மேல் வலது கால் லேசாக. பார்வை முன் சக்கரத்தில் இருக்கவே கூடாது. அடுத்து வண்டி எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே கழுத்தைத் திருப்பிப் பார்த்தால், கை தானாகவே பின்னால் வரும். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி சட்டென்று படுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் கைவராத ஒருவர் கடைவீதி நெரிசலில், குறுகலான சந்தில், பேருந்துக்கும் தடுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்போது தடுமாறத்தான் செய்வார். ஆகவே எட்டுப் போடச் சொல்வதில் தவறில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் சிக்கல். எட்டில் வண்டி இரண்டாம் கியருக்குப் போவதில்லை. கண்ணாடியைப் பார்க்க வேண்டிய அவசியம் வருவதில்லை. எதிரே லாரி கிடையாது, பின்னால் ஹாரன் கிடையாது, பக்கத்துச் சந்திலிருந்து நாய் ஓடி வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வேகமாகப் போகிற வண்டியை அவசரமாக நிறுத்தத் தெரியுமா என்பதை எட்டு கேட்பதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் வந்தவை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. அதில் 15-வது விதி ஓட்டுநர் தேர்வைப் பற்றியது. அதை ஒருமுறை நிதானமாகப் படித்தால் கொஞ்சம் திகைப்பாகவே இருக்கும். விண்ணப்பிப்பவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்க்கிறாரா, சிக்னல் காட்டுவதற்கு முன் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறாரா, சரியான தடத்தில் போகிறாரா, முந்துவதற்கும் வழிவிடுவதற்கும் தெரிந்திருக்கிறாரா, போக்குவரத்துக்கு ஏற்றபடி கியரையும் பிரேக்கையும் சீராகப் பயன்படுத்துகிறாரா, அவசரத்தில் வண்டியை நிறுத்த முடிகிறதா என்று நீளமான பட்டியல். இத்தனையையும் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் உரிமம் தர வேண்டும்.

ஆக, சட்டம் கேட்பது சாலையில் ஓட்டத் தெரிந்தவரை. அதை எழுதியவர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. ஆனால் காலையில் வரிசையில் நிற்கும் கூட்டத்தையும் இருக்கிற ஆய்வாளர்களின் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால், ஆளுக்குப் பத்து நிமிடம் சாலையில் கூட்டிக்கொண்டு போய்ச் சோதிப்பது நடக்கிற காரியமில்லை. காரில் என்றால் ஆய்வாளர் பக்கத்து சீட்டில் உட்காரலாம். பைக்கில் எங்கே உட்கார்வது? பின்னால் உட்கார்ந்தால் தேர்வு எழுதுபவரின் பிழைக்குத் தன் முழங்காலைப் பணயம் வைக்க வேண்டும். எனவே மைதானத்தில் ஒரு எட்டு, சில இடங்களில் கூடவே கை சிக்னல், அத்துடன் சரி.

இந்தப் பிரச்சினைக்கு வேறு நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் செயல்முறைத் தேர்வு இரண்டு பகுதியாக நடக்கிறது. முதல் பகுதி, வேறு வண்டிகள் வராத தனித் தளத்தில். நம் எட்டைப் போன்ற மெதுவான திருப்பங்கள் அதிலும் உண்டு. ஆனால் கூடவே மணிக்குக் குறைந்தது 50 கி.மீ. வேகத்தில் வந்து அவசரமாக நிறுத்திக் காட்ட வேண்டும். அதே வேகத்தில் வந்து, திடீரென்று எதிர்ப்பட்ட தடையை ஒதுக்குவதுபோல் வளைந்தும் காட்ட வேண்டும். இரண்டாம் பகுதி சாலையில். தேர்வாளர் இன்னொரு பைக்கில் பின்னாலேயே வருவார், காதில் மாட்டிய ரேடியோவில் வழி சொல்வார். பின் சீட்டில் யாரும் உட்கார வேண்டியதில்லை.

அந்த 50 கி.மீ. சும்மா வைத்த கணக்கில்லை. அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் போயிருக்கும். அதன்பிறகுதான் பிரேக்கின் வேலை ஆரம்பம். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு நகரும். அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. நம் ஊரில் பைக் பழக்கும் அண்ணனோ மாமாவோ முதலில் சொல்லித்தருவது என்ன? "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்." மணலிலும் வளைவிலும் அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் நேர்ச்சாலையில், காய்ந்த தாரில், அந்த எச்சரிக்கையைக் காப்பாற்றிக்கொண்டு பின் பிரேக்கை மட்டும் அழுத்துபவரின் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டியும் நிற்காது. இதனால்தான் 2018–19 வாக்கில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸையும், அதற்குக் கீழே உள்ளவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் இணைத்துச் செயல்படுத்தும் காம்பி பிரேக்கையும் கட்டாயமாக்கினார்கள். ஓட்டுபவர் கற்காததை வண்டிக்குக் கற்றுக்கொடுத்தாயிற்று என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இனி முறைப்படி உரிமம் வாங்குகிற வழிக்கு வருவோம். முதலில் பழகுநர் உரிமம், யாரைக் கேட்டாலும் எல்எல்ஆர் என்பார்கள். பரிவாகன் இணையதளத்தின் சாரதி பக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார் வழியாகச் சரிபார்த்து, அலுவலகம் போகாமலேயே எல்எல்ஆர் எடுக்கும் ஏற்பாட்டை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இ-சேவை மையங்களிலும் விண்ணப்பிக்க முடிகிறது. மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமத்துக்கு ஒரு வகை வாகனத்துக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50 ரூபாய், பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு 300 ரூபாய், உரிமத்துக்கு 200 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல்.

எல்எல்ஆருக்கு ஒரு சின்னத் தேர்வு உண்டு. 60 சதவீதம் சரியாகச் சொன்னால் தேர்ச்சி. சாலைச் சின்னங்களும் விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, கையில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும்போது செய்ய வேண்டியவை, இந்த நான்கிலிருந்துதான் கேள்வி கேட்க வேண்டும் என்கிறது 11-வது விதி. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் அத்தனையும் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன என்பது ரயில்வேயின் அறிவிப்பு. கேள்வி மட்டும் இன்னும் விதியில் நிற்கிறது. சின்னங்களில் ஒரு எளிய ஒழுங்கு இருக்கிறது: சிவப்பு வட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் தடைகள், முக்கோணம் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு யோசிக்காமலே பதில் வந்துவிடும். விபத்துக் கேள்வியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அடிபட்டவரைப் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும் என்பது சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநர் மேல் வைத்திருக்கும் கடமை.

எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் முடிந்த பிறகுதான் எட்டுப் போட வரலாம். அந்த 30 நாள் பழகுவதற்கான காலம். நடைமுறையில் அதைக் காத்திருக்கும் காலமாகத்தான் பலர் கழிக்கிறார்கள். பழகும்போது என்ன விதி என்று தெரியாமலே ஓட்டுபவர்கள் ஏராளம். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் எல் பலகை, முன்னும் பின்னும் இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர் என்று அளவு வரைக்கும் விதியில் இருக்கிறது. கூடவே உரிமம் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எப்படி பிரேக் பிடிப்பார்? காரை மனதில் வைத்து எழுதிய வரியைப் பைக்குக்கும் ஒட்டவைத்ததன் விளைவு இது. ஆனால் அதற்கு அடுத்து வரும் வரி தெளிவானது: சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. எல்எல்ஆரை வைத்துக்கொண்டு நண்பனைப் பின்னால் உட்காரவைத்து டபுள்ஸ் போவது விதிமீறல்.

தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடியும் வரலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். இதற்குள் எல்எல்ஆரின் ஆறு மாதம் முடிந்துவிட்டால் மீண்டும் எல்எல்ஆரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கியர் வண்டிக்கு வேண்டுமென்றால் கியர் வண்டியில் தேர்வு, ஸ்கூட்டருக்கு ஸ்கூட்டரில். இவை இரண்டும் சட்டத்தில் தனித்தனி வகை. கியர் வண்டி உரிமம் இருந்தால் ஸ்கூட்டரையும் ஓட்டலாம் என்பது நடைமுறை. ஸ்கூட்டர் உரிமத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற பைக்கை எடுத்துக்கொண்டு போனால், அந்த வகைக்கு உரிமம் இல்லாதவர் என்றுதான் சட்டம் பார்க்கும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்குத் தனி வகையே உண்டு. லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் உரிமம் பெறலாம் என்று 2020-ல் விதி தளர்த்தப்பட்டது. இதெல்லாம் தெரியாமல் நமக்குக் கிடைக்காது என்று ஒதுங்கி நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

வயதுக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கியர் வண்டிக்குப் பதினெட்டு வயது. 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குப் பதினாறு. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் இதற்கு அர்த்தம் இருந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50 அப்போது பால்காரரிலிருந்து பள்ளி ஆசிரியர் வரை எல்லோருடைய வண்டி. லூனா அதற்கும் முன்பே, எழுபதுகளிலேயே வந்துவிட்டது. அந்த மொபெட்டுகளைப் பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டலாம் என்று விட்டார்கள். இன்று அந்த டிவிஎஸ் 50-ன் வாரிசான எக்ஸ்எல் 100 கிட்டத்தட்ட 100 சிசி. பிளஸ் டூ பிள்ளைகள் டியூஷனுக்கு எடுத்துப்போகும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. விதி அப்படியே இருக்க, அது சொல்லும் வண்டிதான் கடைகளில் இல்லாமல் போய்விட்டது. பதினாறு வயதில் உரிமம் எடுத்தாலும் ஓட்டுவதற்கு வண்டி கிடையாது என்பதே உண்மை நிலை. அப்புறம் மின்சார வண்டிகள். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருந்து, எடை வரம்புக்குள்ளும் அடங்கினால் அது மோட்டார் வாகனக் கணக்கிலேயே வராது, உரிமமும் வேண்டாம். அதற்கு மேல் ஓடும் மின் ஸ்கூட்டர் எதுவாயினும் உரிமம் வேண்டும். "இது பேட்டரி வண்டிதானே" என்று பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர், எந்த பேட்டரி வண்டி என்று பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

ஏனென்றால் 2019 திருத்தம் பெற்றோர் பக்கமும் திரும்பியிருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்த 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளி ஆவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் பெரியவர் தலையில்தான். அதே திருத்தத்தில், உரிமமில்லாமல் ஓட்டுவதற்கான அபராதம் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தவருக்கும் தனியாக 5,000 வரை. தமிழ்நாடு இந்த உயர்த்தப்பட்ட தொகைகளை 2022 அக்டோபரில் அமலாக்கியது. ஹெல்மெட் இல்லையென்றால் 1,000 ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு மூன்று மாதம் உரிமத்துக்குத் தகுதி நீக்கமும் அந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது.

வயது ஒரு பக்கம் இருக்கட்டும், வண்டியின் சக்தியை நம் உரிமம் கண்டுகொள்வதே இல்லை. இதுதான் எனக்கு எட்டை விடவும் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. பதினெட்டு முடிந்த மறுநாள் எல்எல்ஆர் எடுத்து, அடுத்த மாதம் 100 சிசி ஸ்பிளெண்டரில் எட்டுப் போட்டு உரிமம் வாங்குபவர், அன்று மாலையே ஆயிரம் சிசி வண்டியை ஷோரூமிலிருந்து ஓட்டிக்கொண்டு வரலாம். சட்டப்படி அதில் எந்தத் தடையும் இல்லை. ஆயிரம் சிசி வாங்கும் காசு எல்லோரிடமும் இல்லைதான். ஆனால் 200, 390 சிசி டியூக்குகள் மாதத் தவணையில் கல்லூரி வாசல் வரை வந்துவிட்டன. பிரிட்டனில் பதினேழு வயதுக்காரருக்கு 125 சிசி வரை ஒரு வகுப்பு, பத்தொன்பதில் 35 கிலோவாட் வரை இன்னொரு வகுப்பு, வரம்பில்லாத வண்டிக்கு நேரடியாக வருவதென்றால் 24 வயது. ஒவ்வொரு படிக்கும் தேர்வு. நாம் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பைக் இங்கே பொழுதுபோக்கு கிடையாது, குடும்பத்தின் ஒரே வாகனம். அதனாலேயே 100 சிசிக்கும் 390 சிசிக்கும் நடுவில் ஒரே ஒரு படியாவது வைப்பது யாருடைய பிழைப்பையும் கெடுக்காது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள்.

இவ்வளவு எளிதான தேர்வுக்கும் ஏன் இடைத்தரகர்? இருசக்கர உரிமத்துக்கு டிரைவிங் ஸ்கூல் சான்றிதழ் கட்டாயமில்லை. சரக்கு லாரி, வாடகை வண்டி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் அது. இருந்தும் பெரும்பாலானோர் ஸ்கூல் வழியாகவே போகிறார்கள். பைக் சொல்லித்தரவே தராத ஸ்கூல்கள்கூட பைக் உரிமத்துக்கு ஆள் சேர்க்கின்றன. அவர்கள் விற்பது பயிற்சியை அல்ல, அலைச்சல் இல்லாமையை. விண்ணப்பம் போடுவது, தேதி எடுப்பது, எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கைகாட்டுவது, எட்டுப் போடப் பழகிய ஒரு வண்டியை அன்றைக்குக் கொடுப்பது. அதில் கடைசியாகச் சொன்னதுதான் சூட்சுமம். ஸ்கூல் வண்டி லேசாக இருக்கும், கிளட்ச் மெதுவாக இருக்கும், ஐடிலிங்கை, அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை, சற்றுக் கூட்டி வைத்திருந்தால் ஆக்சிலரேட்டர் தொடாமலேயே எட்டைச் சுற்றி வந்துவிடும்.

கேரளத்தில் இது ஒரு தனிக் கதையாகவே ஆகிவிட்டது. பஜாஜ் எம்80 என்று ஒரு வண்டி. 75 சிசியை ஒட்டிய எஞ்சின், கையில் திருப்பும் கியர். சாலையில் அது காணாமல் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், தேர்வு மைதானங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. எட்டுப் போட அதைவிடச் சுலபமான வண்டி கிடையாது. கியர் வண்டி என்ற வகையிலும் அடங்கிவிடும். அதில் எட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, காலால் கியர் போடும் பைக்கை வாழ்நாளில் முதல் முறையாக எடுத்தவர்கள் எத்தனையோ பேர். 2024 ஆகஸ்டிலிருந்து கால் கியர் வண்டியில்தான் தேர்வு என்று அந்த மாநிலம் மாற்றியது. அறிவிப்பு வந்தபோது டிரைவிங் ஸ்கூல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கூடவே வந்த மற்ற மாற்றங்களையும் சேர்த்து எதிர்த்துத் தேர்வுகளையே புறக்கணித்தார்கள்.

தேர்வையே மாற்றிவிட்டால் என்ன என்ற யோசனையும் மத்திய அரசிடம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் 2021 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தன. அந்த மையங்களில் பயிற்சி முடித்துத் தேறியவர் ஆர்டிஓவில் மறுபடியும் ஓட்டிக்காட்ட வேண்டாம். உரிமத்தைத் தருவது அப்போதும் போக்குவரத்துத் துறைதான். 2024 மே மாதத்தில் "இனி ஆர்டிஓ ஆபீஸே போக வேண்டாம், தனியார் ஸ்கூலே லைசென்ஸ் தரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. புதிதாக எதுவும் மாறவில்லை என்று அமைச்சகம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போதும் யாராவது அந்தச் செய்தியை அனுப்பினால், அது 2021-ல் வந்த விதியின் திரிபு என்று சொல்லிவிடலாம்.

உரிமம் கைக்கு வந்தபின் தேதியைப் பார்ப்பவர்கள் குறைவு. முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் பத்து ஆண்டு. ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் எடுத்தால் அறுபது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டாக. காலாவதிக்கு ஒரு வருடம் முன்பிருந்து, முடிந்து ஒரு வருடம் வரை புதுப்பிக்கலாம். அந்த ஒரு வருடத்தையும் தாண்டவிட்டால் திரும்பவும் எட்டு. நாற்பதில் புதுப்பிக்கப் போகிறவர் மருத்துவச் சான்றிதழும் வைக்க வேண்டும். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிய வேண்டியதில்லை. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ காட்டினால் போதும் என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் வெறும் போட்டோ எடுத்து வைத்திருப்பது அந்தக் கணக்கில் சேராது.

உரிமத்தின் உண்மையான கனம் போலீஸ் சோதனையில் தெரிவதில்லை, விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தெரியும். உரிமம் இல்லாதவர் ஓட்டிப்போய் ஒருவர் மேல் இடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது. "ஓட்டியவருக்கு உரிமம் இல்லை, எங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லும். இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்தது. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்காமல் போகக் கூடாது, உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்பதை நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும், அப்படி நிரூபித்தாலும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்பது அதன் சாரம். எல்எல்ஆர் வைத்திருப்பவரும் முறையான உரிமம் உள்ளவர்தான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

அந்த "பிறகு வசூலிக்கலாம்" என்பதில்தான் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஒருவர் இறந்திருந்தால் இழப்பீடு சாதாரணமாகவே பல லட்சங்களைத் தொடும். அந்தத் தொகை, மச்சானுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ ஐந்து நிமிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளரின் வீட்டின் மேலும் நிலத்தின் மேலும் வந்து உட்காரும்.

ஓட்டியவர் தானே உரிமையாளராக இருந்து அவருக்கே அடிபட்டாலும் கணக்கு வேறு விதமில்லை. வண்டி வாங்கும்போது கட்டாயம் எடுக்கச் சொல்லும் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டை 2018-ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். அந்தப் பாலிசியின் நிபந்தனைகளில், விபத்து நடந்த அன்று உரிமையாளரிடம் அந்த வகை வண்டிக்கான செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். காலாவதி ஆகிப்போன உரிமம் அந்த வரிக்குள் வராது.